ஓடையோரத் துண்டு

ஜூலை 4, வெள்ளி

காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்ற டிராக்டர் பத்தேகாலுக்கு வந்தது. கேட்டால் டீசல் தீர்ந்துவிட்டது என்கிறார் ஓட்டுநர். பெயர்ப்பலகை எழுதியவரோ முப்பத்தாறு பலகையிலும் ‘சோயா’வை ‘சோய’ என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு பலகையில் கால் போட மறக்கலாம். முப்பத்தாறிலும் மறப்பவரை என்ன சொல்வது? நானே பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து முப்பத்தாறு கால் போட்டேன்.

ஒருவழியாக விதைப்பு முடிந்தது. நான்கு ரகங்கள். ஒவ்வொன்றுக்கும் சூப்பர் பாஸ்பேட் மூன்று அளவு: ஒன்றுமில்லை, ஏக்கருக்கு இரண்டு மூட்டை, நான்கு மூட்டை. வயலை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இதே பன்னிரண்டு பாத்திகள். ஒரு துண்டில் ஏதாவது கோணலாகப் போனாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும், அதற்குத்தான். சோயாவில் எல்லா ரகமும் ஒரே மாதிரி உரம் தின்னாது. ஒன்று கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொள்ளும், இன்னொன்று பாதியிலேயே போதும் என்று நின்றுவிடும். உரக்கடைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர்களுக்கு எல்லாப் பயிருக்கும் ஒரே சீட்டு.

போன வருடம் இதே சோதனையை எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் ஓடைக்காட்டில் போட்டோம். இந்த வருடம் மேட்டுக்காடு. செம்மண், ஒரே சீரான மண். இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஏப்ரலில் வந்த துண்டுப் பிரசுரத்தை இன்று மறுபடி பார்த்தேன். ‘அதிக மகசூலுக்கு 22ஆம் ரகம்: ஏக்கருக்கு நான்கு மூட்டை சூப்பர்’. முழுக்க என் பிஎச்.டி. ஆய்வு. மேலே என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் வத்சலா மேடத்தின் பெயர் கொட்டை எழுத்தில். அடியில், அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், ‘தகவல் திரட்ட உதவியவர்: சுகந்தி’. இரண்டு வருடம் வெயிலில் நின்றது உதவியாம்.

ஜூலை 5

நிரந்தர வேலைக்கான நேர்காணல் அக்டோபர் கடைசியில். மேடம் பரிந்துரைக் கடிதம் தருகிறார். அதனால் பெயர் விஷயத்தை நான் கேட்கப்போவதில்லை.

ஜூலை 16, புதன்

மயில்கள். ஐந்து பாத்தியில் முளையைக் கிள்ளிப் போட்டுவிட்டன. வனத்துறைக்குப் போன் செய்தால், “அடிச்சிராதீங்க மேடம்” என்று எனக்கு அறிவுரை. நான் அடிப்பேன் என்று யார் சொன்னது? சரசக்கா பழைய கேசட் நாடாவை வரப்பில் இழுத்துக் கட்டியிருக்கிறார். காற்றில் அது விர்ரென்கிறது. பண்ணையில் பதினெட்டு வருடமாகத் தினக்கூலியாக இருப்பவர். இங்கே வேலை தெரிந்த ஒரே ஆள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இப்படி ஓர் அவமானத்தை நான் பட்டதில்லை.

கல்லூரி மாணவிகள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். 14ஆம் ரகத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், சாக்குப் பையோடு நேராக வயலுக்குள் வந்தார். யாரையும் கேட்கவில்லை. பையைக் கவிழ்த்தார். வேரோடு பிடுங்கிய சோயாச் செடிகள். இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புப் புள்ளிகள். நரம்பு மட்டும் பச்சை. அடி இலைகள் தொட்டால் உதிர்ந்தன.

“இந்த நோட்டீசு போட்டது ஆருங்க?” என்று பிரசுரத்தை நீட்டினார்.

“நான்தாங்க. என்ன விஷயம்?”

“விசயமா? என்ற காட்டப் பாத்துட்டுச் சொல்லுங்க அம்மிணி, என்ன விசயம்னு. நீங்க குடுத்த இருவத்திரண்டு. நீங்க சொன்ன நாலு மூட்டை. ரண்டரை ஏக்கராவும் செவந்து நிக்குது. பூவெல்லாம் கொட்டிப் போச்சு.”

“களைக்கொல்லி அடிச்சீங்களா?”

“இல்லீங்.”

“நாலு மூட்டைக்கு மேல போட்டிருப்பீங்க.”

அவ்வளவுதான். “எனக்கு எண்ணத் தெரியாதுங்கறயா?” என்று ‘நீ’க்கு வந்துவிட்டார். “மூட்டையத் தலையில சொமந்தவ நானு. உனக்கு எப்படித் தெரியும் நான் எத்தன போட்டேன்னு?”

மாணவிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செல்போனில் படம் எடுத்தாள். நான் சொன்னேன், “பிரசுரத்துல இருக்கறது ஆராய்ச்சி முடிவுங்க. தப்பு உங்க பக்கம்தான் இருக்கணும்.” குரல் உயர்ந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அந்த அம்மாள் பெயர் அங்காத்தாள். ஊர் கரட்டுப்புதூர். செடிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 12

அந்தச் செடிகள் அப்படி ஆனதற்குக் காரணங்கள்: பக்கத்துத் தோட்டத்துக் களைக்கொல்லி காற்றில் வந்திருக்கலாம். விதை கலப்படமாகியிருக்கலாம். உப்புத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம். சூப்பரே போலியாக இருக்கலாம். விவசாயிகள் சொன்னபடி எதையும் செய்வதில்லை. இதில் எதுவாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சரசக்காவைத் திட்டிவிட்டேன். வரப்பில் காய்ந்து கிடந்த அந்தச் செடிகளைக் கூட்டிக்கொண்டே, ஜீப் ஓட்டுநர் காதுபட, “ஏங் கண்ணு, போன வருசம் ஓடையோரத் துண்டுலயும் இப்படித்தானே செவந்துச்சு?” என்றார்.

“அது தண்ணி தேங்குனதால அக்கா.”

“போன வருசம் எங்க கண்ணு மழ பேஞ்சுது? குடிக்கறதுக்கே லாரித் தண்ணி.”

“உங்க வேலையப் பாருங்க” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மதியம் வழக்கமாக எனக்கு எடுத்து வைக்கும் மோரை இன்று வைக்கவில்லை. ஒரு மோருக்காக நான் ஏங்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கரட்டுப்புதூர் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அந்த அம்மாள் செய்த தவறைக் கையோடு கண்டுபிடித்துக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். மண் எடுக்கும் கருவி, பைகள், அமிலக் குப்பி எல்லாம் எடுத்துக்கொண்டேன்.

அங்காத்தாள் என்னைப் பார்த்ததும் “வாங்க” என்று மட்டும் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு எனக்கு முன்னால் காட்டுக்கு நடந்தார்.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இரண்டரை ஏக்கரும் துருநிறம். முழங்கால் உயரத்தில் குறுகி நிற்கிறது. செடிக்கு நாலு காய், ஐந்து காய். ஆனால் வடக்குக் கோடியில் பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டை பச்சையாக இருந்தது. காய் நிறைய.

“இங்க மட்டும் எப்படி?”

“சூப்பர் தீந்து போச்சுங்க. அந்தக் கோடிக்கு எட்டல.”

வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய கொழுந்தனாரின் காடு. 14ஆம் ரகம். அதே கடையில் வாங்கிய அதே சூப்பர், அதே நாலு மூட்டை, ஒரே கிணற்றுத் தண்ணீர். கரும்பச்சை. ஆக, களைக்கொல்லி இல்லை. உப்புத் தண்ணீர் இல்லை. போலி உரமும் இல்லை.

மண்ணைத் தோண்டினேன். கடலை பருமனில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். ஒரு பிடி மண்ணில் நாலு சொட்டு அமிலம் விட்டேன். சோடா போல நுரைத்தது.

“அதென்னங்க பொங்குது?”

“சுண்ணாம்பு அதிகமான மண்ணுங்க. இதுல சூப்பர்ல இருக்கற மணிச்சத்த அள்ளிப் போட்டா, வேருக்குத் துத்தநாகம், அதான் ஜிங்க், கெடைக்காது. சில ரகம் தாங்கும். இருவத்திரண்டு தாங்காதுபோல.”

“தாங்காதுபோலயா? இத முன்னாலயே ஒரு காட்டுல போட்டுப் பாத்திருக்க மாட்டீங்களா?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

ஆகஸ்ட் 21

ஆவண அறையில் போன வருடத்து வயல் குறிப்பேடு. அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு, கேட்டால் முறைக்கிறார்கள். ஒரு மணி நேரம் அலையவிட்டார்கள்.

22ஆம் ரகம், ஒரு பாத்தியில் அறுத்த விதை எடை. இரண்டு மூட்டை போட்டதில், மூன்று துண்டுகளிலும் வரிசையாக: 2.1 கிலோ, 2.2, 1.9. நான்கு மூட்டையில்: 2.6, 2.5. மூன்றாவதில் 0.9. அந்த மூன்றாவதுதான் ஓடையோரத் துண்டு. மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நான்கு மூட்டைக்கும் இரண்டு மூட்டைக்கும் வித்தியாசமே இல்லை. மூன்றாவதை விட்டுவிட்டால் நான்கு மூட்டைதான் ஜெயிக்கிறது. நன்றாகவே ஜெயிக்கிறது.

மூன்றாவது துண்டின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில்: ‘நீர் தேங்கியதால் நீக்கப்பட்டது.’ கீழே மேடத்தின் கையெழுத்து.

மேடம் எப்படி இதைச் செய்யலாம்? முப்பது வருட அனுபவம் உள்ளவர். ஓடைக்காட்டு மண்ணில் சுண்ணாம்பு இருப்பது அவருக்குத் தெரியாதா? வெளியே மண் நுரைத்தது போல எனக்கு உள்ளே நுரைக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மேடத்திடம் கேட்டேன். நின்றுகொண்டே கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “சுகந்தி, அந்தத் துண்டை விட்டுடலாம்னு சொன்னது யாரு?”

“நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம்.”

“போட்டேன். நீ கொண்டு வந்தே, தண்ணி நின்னுச்சுன்னு சொன்னே. நான் நம்பிப் போட்டேன். வயலுக்கு இறங்கிப் பார்க்கலை, அது என் தப்பு. ஆனா அந்த எழுத்து யாரோடது?”

அவரே தொடர்ந்தார். “இப்ப இதைக் கிளறினா உன் பட்டமே கேள்விக்குள்ளாகும். நேர்காணல் வருது. அடுத்த வருஷம் பிரசுரத்துல ஜிங்க் சல்பேட்டும் சேர்த்துப் போடுங்கன்னு ஒரு வரி போட்டுடலாம். யாருக்கும் தெரியாது.”

“வர்ற புரட்டாசிப் பட்டத்துக்கு எண்ணூறு பேருக்கு இருபத்திரண்டு குடுக்கறோம் மேடம். பிரசுரத்தோட.”

“எல்லார் காட்டுலயும் சுண்ணாம்பு இருக்காது” என்றார்.

நாற்பத்தெட்டு வரி திட்டி எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26

எழுத்து என்னுடையதுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

அப்போது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருந்தது. ஒரு பாத்தி எல்லாவற்றையும் கெடுத்தது. தண்ணீர் தேங்கியது என்று எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் செய்வதுதான் என்று நினைத்தேன். எல்லோரும் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அப்படி நினைத்தேன், அவ்வளவுதான்.

அந்த அம்மாளிடம் போய் எண்ணத் தெரியாதா என்கிற மாதிரிக் கேட்டிருக்கிறேன். நாற்பது பிள்ளைகள் முன்னால்!

செப்டம்பர் 3

கரட்டுப்புதூருக்கு இரண்டு முறை ஜிங்க் சல்பேட் கரைசல் கொண்டுபோய் நானே அடித்தேன். புதுத் துளிர் பச்சையாக வருகிறது. ஆனால் பூக்கும் காலம் போய்விட்டது. “எல பச்சையாகி என்னங்க பண்றது, மாட்டுக்கு அறுத்துப் போடலாம்” என்றார் அங்காத்தாள். ஏன் வந்து அடிக்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

புதுப் பிரசுரம் அச்சாகி வந்துவிட்டது. ஆயிரம் பிரதி. ‘நான்கு மூட்டை’ அப்படியே இருக்கிறது. துத்தநாகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் மேலே, முதல் பெயராக, கொட்டை எழுத்தில்: டாக்டர் சுகந்தி. என் புகைப்படம் வேறு.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம். இவ்வளவு நாள் அடியில் கிடந்த பெயர், பொய் என்று தெரிந்தபிறகு மேலே வருகிறது. இந்தக் கட்டிடத்தில் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே மரியாதை இது.

கட்டுகளைப் பிரித்து அடுக்கி வைத்தேன். அடுக்கத்தான் செய்தேன்.

செப்டம்பர் 15

சரசக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்குக் கண்ணு?” என்றார். எதற்கென்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப வியாழக்கெழம வெவசாயிக கூட்டத்துல சொல்லிப்போடு” என்றார். ஏதோ கடைக்குப் போய்வா என்பது போல. அவருக்கென்ன, நேர்காணலா இருக்கிறது?

செப்டம்பர் 18, வியாழன்

விவசாயிகள் கூட்டம். பந்தல் நிறைந்துவிட்டது. விதைப் பைகள் மேடைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் என் முகம் அச்சான பிரசுரம். மேடம் வரவேற்றுப் பேசிவிட்டு என்னை அழைத்தார். அங்காத்தாள் இரண்டாவது வரிசையில் இருந்தார்.

எழுதி வைத்திருந்த பேச்சு கையில் இருந்தது. அதைப் படிக்கவில்லை. “இந்த நோட்டீசுல இருக்கறது தப்புங்க” என்று ஆரம்பித்தேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கத்தினார்கள். மைக்கை இழுத்து மறுபடியும் சொன்னேன். “போன வருசம் ஓடையோரத் துண்டுல இருவத்திரண்டு செவந்து நின்னுச்சு. நாலு மூட்டை போட்ட பாத்தியில மகசூல் பாதிக்கும் கீழ போச்சு. அந்தக் கணக்கத் தண்ணி நின்னுச்சுன்னு பொய் எழுதி நீக்குனது நான். வேற யாருமில்ல.”

மேடத்தைப் பார்க்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். என்ற மண்ணு எப்படிங்க? பதினாலுக்கு எத்தன? போட்டுட்டவங்க என்ன பண்றது? சுண்ணாம்பு மண்ணில் 22 போட்டால் இரண்டு மூட்டைக்கு மேல் வேண்டாம், கூடவே துத்தநாகம் போடுங்கள், 14 அந்த மண்ணிலும் நான்கைத் தாங்குவதைக் கரட்டுப்புதூரில் பார்த்தேன், ஆனால் ஒரே ஒரு காட்டில்தான் பார்த்தேன் என்றேன். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி மண் கொண்டுவாருங்கள், நுரைக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அங்காத்தாள் எழுந்தார்.

“இது உனக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சுட்டே என்னையத் தப்புன்னு சொன்னே.”

“ஆமாங்க.”

“அத்தன புள்ளைக முன்னால.”

“ஆமாங்க. தப்பு என்னுதுதாங்க.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன். பிரசுரத்தை நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 22

மெமோ. மூன்று பக்கம். ‘முன் அனுமதியின்றிப் பொதுவெளியில்’ என்று ஆரம்பிக்கிறது. பொய் எழுதியதற்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. உண்மை சொன்னதற்குத்தான் முன் அனுமதி வேண்டுமாம். பதிலில் இதைக் கேட்டிருக்கிறேன். ஆய்வேட்டைத் திருத்த அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் தனிக் கடிதம் அனுப்பினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அறுவடை முடிந்தது. முப்பத்தாறு பாத்தியும் நானும் சரசக்காவும் எடை போட்டோம். மேட்டுக்காட்டுச் செம்மண்ணில் 22 நான்கு மூட்டையை நன்றாகவே வாங்கியிருக்கிறது. அதையும் அப்படியே எழுதினேன். எனக்குச் சாதகமில்லாத கணக்கு: இதைக் காட்டி ‘பார்த்தாயா, நான்கு மூட்டை சரிதான்’ என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், நான் மண்ணையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 29

விசாரணை முடிவு: பிரசுரம் திரும்பப் பெறப்படும். சுண்ணாம்பு மண்ணில், விவசாயி ஒருவரின் நிலத்தில், மறுஆய்வு செய்ய வேண்டும். அதற்காக எனக்கு நான்கு மாதம் வேலை நீட்டிப்பு, அதன்பிறகு ஒன்றுமில்லை. நேர்காணல் பட்டியலில் என் பெயர் இல்லை. மேடத்துக்கும் மெமோ. தாழ்வாரத்தில் எதிரே வந்தபோது, “உனக்கு இப்ப நிம்மதியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அவர் என்னை இரண்டு வருடம் தன் காரில் வயலுக்கு அழைத்துப் போனவர்.

அக்டோபர் 31

சுண்ணாம்பு மண் உள்ள ஏழு பேரிடம் நிலம் கேட்டேன். ஏழு பேரும் இல்லை என்றார்கள். ஒருவர், “உங்க ஆராய்ச்சிய எங்க வகுத்துல அடிச்சுப் பாக்காதீங்க” என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

அங்காத்தாளே போன் செய்தார். யார் கொடுத்த எண்ணோ. சரசக்காவாகத்தான் இருக்கும்.

“என்ற காட்டுல முப்பது பாத்தி போட்டுக்க. ஆனா கணக்கு நோட்டு எங்கிட்டத்தான் இருக்கோணும்.”

“அது ஆபீஸ் ஆவணம்ங்க. நான் டாக்டர் பட்டம் வாங்கினவ. எடை, அளவு எல்லாம் ஒரு முறைப்படி எழுதணும்.”

“முறைப்படி எழுதித்தான பாத்தோம்” என்றார். “எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறேன். நீ சொல்லு, நான் பாத்துட்டு எழுதிக்கறேன். வேணும்னா நகல் எடுத்துக்க.”

எவ்வளவு திமிர்! மதியம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டுச் சரி என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

முளைப்பு எண்ணிக்கை. பாத்தி பாத்தியாக நான் எண்ணிச் சொல்ல, அங்காத்தாள் நோட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவரும் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். ஐந்து துண்டு, துண்டுக்கு ஆறு என்று முப்பது பாத்திக்கு அரைநாள் ஆனது. பத்தாவது பாத்தியிலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. நான்காவது துண்டில், நாலு மூட்டை போட்ட 22இல், “நாப்பத்திரண்டு” என்றேன்.

அவர் குனிந்து எண்ணினார். “நாப்பத்தொண்ணு.”

“நாப்பத்திரண்டுங்க. ரெண்டு தடவ எண்ணியாச்சு.”

“வரப்போரத்துல நிக்கறது களை.”

உட்கார்ந்து பார்த்தேன். களைதான். முளையில் சோயா போலவே இருக்கிறது. அங்காத்தாள் அதைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு, 41 என்று எழுதினார்.